எட்டாவது பெயர்

பூவரசந்துறையில் ஒரு காரியம் ஊர்ச் சபைக்கு வந்துவிட்டது என்றால் அது முடிந்துவிட்டது என்று அர்த்தம். கண்ணகை அம்மன் வாசலில் வெற்றிலைத் தட்டை வைத்து வண்ணக்கர் வாயைத் திறப்பதற்கு முன்னமே அவர் ஊருக்குள் ஒரு கிழமை அலைந்திருப்பார். குடிக்குக் குடி, வளவுக்கு வளவு போய், இங்கே ஒரு வாய் தேத்தண்ணி, அங்கே ஒரு வாய் வெற்றிலை, ஒருவனிடம் கெஞ்சல், இன்னொருவனிடம் அதட்டல். எல்லாத் தலையும் ஆடிய பிறகுதான் சபை. அங்கே பேச்சே கிடையாது. வண்ணக்கர் சொல்லுவார், சனம் ‘ஓம்’ என்று சொல்லித் தட்டில் ஆளுக்கொரு வெற்றிலை எடுக்கும், எழும்பி வீட்டுக்குப் போகும். விழப்போகிற காரியத்தைச் சபைக்குக் கொண்டு வருவது அம்மனுக்கு முன்னால் வேட்டி அவிழ்ந்து நிற்கிற மாதிரி. மானமுள்ளவன் செய்ய மாட்டான்.

வினாயகமூர்த்தி மானமுள்ளவர். கோயிலுக்கும் சபைக்கும் தலைமையான வண்ணக்கர் பதவி அவர் கைக்கு வந்து எத்தனையோ வைகாசி போய்விட்டது. அவர் வைத்த தட்டில் ஒரு வெற்றிலை மிஞ்சியதில்லை. வாவிக்கரையில் அவரைப் போல சபை நடத்தத் தெரிந்தவர் இல்லை என்று ஊரே சொல்லும். ஊர் சொல்லாத நாட்களில் அவரே சொல்லுவார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு பின்னேரம் வானொலிப் பெட்டியின் காதைத் திருகிக்கொண்டிருந்தபோது, கடல் கடந்த ஒரு வெள்ளைக்கார நாட்டின் பாராளுமன்றத்தில் பூவரசந்துறையின் பெயர் அடிபட்டது. கொழும்புக்கு ஆயுதமும் கடனும் கொடுக்கிற நாடு அது. அங்கே அங்கத்தவராக இருக்கிற ஓர் அம்மா சட்டமூலம் ஒன்று கொண்டு வந்திருக்கிறாவாம். மட்டக்களப்பு வாவிக்கரையில் பிடித்துக் கொண்டு போன எட்டுப் பொடியன்மாரும் எங்கே என்று இலங்கை அரசாங்கம் பதில் சொல்ல வேண்டும். சொல்லும் வரைக்கும் ஒரு துவக்கும் இல்லை, ஒரு சதமும் இல்லை. அந்த அம்மா எட்டுப் பெயரையும் சபையிலே வாய்விட்டு வாசித்தாவாம். வானொலிக்காரனும் வாசித்தான். எட்டாவது பெயர் நாகமுத்து பேரின்பம்.

பேரின்பம் வண்ணக்கரின் மருமகன். தங்கச்சி ஆச்சிப்பிள்ளையின் ஒரே மகன். தன்னுடைய பெயர் வெள்ளைக்காரச் சபையில் வாசிக்கப்பட்ட அந்த நேரத்தில், அவன் கதிரவெளியில் ஒரு மீன் வாடிக் கொட்டிலில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். போன ஐப்பசியில் விடியற்காலம் ஆமி முகாம்காரர் வந்து, வாவியில் வலை இழுத்துக்கொண்டு நின்ற பொடியன்மாரைக் கரைக்கு ஏறச் சொன்னார்கள். ஏழு பேர் ஏறினார்கள். எட்டாவதாக நின்ற பேரின்பம் முக்குளித்தான். தண்ணீருக்குள் சுட்டார்கள். அவன் கண்டல் வேர்களுக்குள்ளே கழுத்தளவு சேற்றில் பகல் முழுக்கக் கிடந்து, பொழுதுபட்ட பிறகு ஊர்ந்து வந்தான். அன்றைக்கே அவனை வடக்கே அனுப்பிய வண்ணக்கர் தங்கச்சியிடம் சொன்னார்: "எல்லாத் தாய்மாரும் அழுறாப்போல நீயும் அழு. எட்டுப் பேரையும் கொண்டு போயிட்டாங்க எண்டு சொல்லு. ஏழு எண்டு சொன்னா, எட்டாவது எங்க எண்டு தேடுவானுகள்."

நல்ல புத்திதான். ஆச்சிப்பிள்ளைக்கு அழுவதற்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. டவுனில் இருக்கிற ஏர்னஸ்ட் ஐயா, ஐரோப்பிய வழிவந்த பறங்கியர், நீதிமன்றத்தில் முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து இளைப்பாறியவர், எட்டுத் தாய்மாரின் வாக்குமூலத்தையும் ஆங்கிலத்தில் ஆக்கி வெளிநாட்டுக்கு அனுப்பினார். அவரிடமும் எட்டு என்றுதான் சொன்னார்கள். பொய்யென்று தெரிந்தால் அந்த மனிசன் பேனையைத் தொட்டிருக்க மாட்டார்.

வானொலி சொன்ன மறுநாளே வண்ணக்கர் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் பறந்தார்.

"ஐயா, சட்டம் வந்திட்டுதாம்!"

"சட்டம் வரல்ல வண்ணக்கர். சட்டமூலம்தான் வந்திரிக்கு," என்றார் ஏர்னஸ்ட் ஐயா. "இனி வாசிப்பு இரிக்கு, குழு இரிக்கு, மறுகா வாக்கெடுப்பு. அதுக்குள்ள அந்த நாட்டு அரசாங்கம் இதைக் கவுக்கப் பாக்கும். கவுக்க ஒரு சின்னப் பிழை கிடைச்சாக் காணும்."

வண்ணக்கர் சிரித்தார். படித்த மனிசன் சபை நடத்திப் பார்த்ததில்லை, பாவம். "ஏன் ஐயா, ஓமெண்டு சொல்ல ஆள் இல்லாமலா அந்த அம்மா எழும்பிச் சொல்லியிரிப்பா? வீட்டுக்கு வீடு போய்ப் பேசி முடிச்சுப்போட்டுத்தான் சபைக்கு வந்திரிப்பா."

"அங்க அப்பிடி இல்ல. தோக்கும் எண்டு தெரிஞ்சும் கொண்டு வருவாங்க. கொண்டு வாறதே ஒரு நெருக்குதல். இந்தா, இப்பவே கொழும்பு நடுங்குது."

"தோக்கும் எண்டு தெரிஞ்சா? வெக்கமில்லையா அவங்களுக்கு?"

ஏர்னஸ்ட் ஐயா கண்ணாடியைத் துடைத்தார். "வாக்கெடுப்பு முடியும் மட்டும் எல்லாரும் வாய மூடிக்கொண்டு இரிங்க," என்றார். வண்ணக்கர் தலையாட்டினார். ஆனால் மனசுக்குள்ளே, வெற்றிலைத் தட்டு வைத்தாயிற்று என்று முடிவு கட்டிவிட்டார். கெடுகுடி சொற்கேளாது என்று சும்மாவா சொன்னார்கள்?

அவரை மட்டும் குற்றம் சொல்லியும் பயனில்லை. அந்தக் கிழமையிலிருந்து ஊரில் நடந்ததைப் பார்த்தால் யாருக்கும் புத்தி தடுமாறும். சோதனைச் சாவடியில் மீன் கூடையைக் கொட்டிக் கிளறுகிற ஆமிக்காரன், ‘போங்க அம்மா’ என்றான். சைக்கிளை விட்டிறங்கி நடக்கத் தேவையில்லை என்றார்கள். சுற்றிவளைப்பு நின்றது. முகாமிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பால்மா வந்தது. சனம் முதலில் பயந்தது, பிறகு பால்மாவைக் கரைத்துக் குடித்தது. எட்டுத் தாய்மாரும் முகாம் வாசலுக்குப் போனபோது கதிரை போட்டு இருக்க வைத்து, சோடா கொடுத்து, ‘விசாரிக்கிறோம்’ என்று அனுப்பினார்கள். பிள்ளைகள் மட்டும் வரவில்லை.

பிறகு, முகாமின் கப்டன் கோயிலுக்கே வந்தான். சப்பாத்தை வெளி வீதியிலேயே கழற்றிவிட்டு வந்தான். இளம் வயது, அழகான பல்வரிசை, தமிழும் நன்றாகப் பேசுவான்.

"ஐயா, இந்த முறை குளிர்த்தி பெரிசாச் செய்யுங்க. லவுட்ஸ்பீக்கர் போடுங்க. நாங்க ஒண்டும் சொல்ல மாட்டம்," என்றான்.

குளிர்த்தி என்பது அம்மனுக்கு வருடத்தில் ஒருமுறை வருகிற விழா. கோயில் கதவு திறப்பதே அந்தச் சில நாட்களுக்குத்தான். முடிந்ததும் பூட்டினால் அடுத்த வைகாசி வரைக்கும் பூட்டுத்தான். அதற்கு முன் வேப்பங்கிளை ஒன்றை வெட்டி, மஞ்சள் பூசி, பட்டுச் சுற்றி, கல்யாணக்கால் என்று வாசலில் நட வேண்டும். பூவரசந்துறை வழக்கப்படி அதை வெட்டுகிற உரிமை, தாய்வழியாக வருகிற வண்ணக்கரின் குடிக்கு. அதிலும், கலியாணம் கட்டாத பொடியன்தான் கத்தி தொடலாம்.

கப்டன் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தான். "கல்யாணக்கால் யார் வெட்டுறது, ஐயா? உங்கட குடியில பொடியன்மார் இல்லைத்தானே இப்ப?"

இதெல்லாம் இவனுக்கு எப்படித் தெரியும் என்று வண்ணக்கருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவருடைய குடியை ஒருவன் இல்லை என்று சொன்னதுதான் காதில் விழுந்தது. மீசைக்குள்ளே சிரித்துக்கொண்டு, "அம்மன் ஆளக் கொண்டு வருவா," என்றார்.

கப்டனும் சிரித்தான். "வரட்டும், வரட்டும்."

அன்றைக்கே ஆச்சிப்பிள்ளையின் வீட்டில் சண்டை.

"அண்ணே, உனக்கென்ன விசரா? ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுகுது, நீ குடை பிடிக்கப் போறாயா? அவன் அங்கயே உசிரோட கிடக்கட்டும்."

"எத்தின நாளைக்கு? கள்ளனப் போல வாடிக்குள்ளயே கிடந்து சாகவா? வெள்ளைக்காரன்ட சபையில பேர் வாசிச்சு முடிஞ்சுதுகா. இனி அவன்ட மயிரத் தொடக்கூட ஒருத்தனுக்கும் தைரியம் வராது."

"கொண்டு போனதாச் சொன்ன பொடியன் கோயில்ல நிண்டா, சனம் என்ன சொல்லும்?"

"அம்மன் மீட்டுத் தந்தா எண்டு சொல்லும்."

ஆச்சிப்பிள்ளை தூணில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்கும் ஆசைதான், அதுதான் கொடுமை. ஏழு மாதமாய்ப் பிள்ளையின் முகம் பார்க்காத தாய். அவன் வருகிறான் என்ற சொல்லில் பாதிப் பயம் கரைந்துபோனது. கடைசியில், "தேசிக்காய் ஊறுகாய் எண்டா உசிர விடுவான், கொஞ்சம் போடுறன்," என்றாள். இந்த இடத்தில் அவள் மட்டும் கல்லாக நின்றிருந்தால்! ஆனால் எந்தத் தாய் நிற்பாள்?

வண்ணக்கர் வாழைச்சேனை வரைக்கும் பஸ்ஸிலும் அங்கிருந்து மீன் லொறியிலும் போய் மருமகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பேரின்பம் கறுத்து, தாடி வளர்ந்து, ஆள் பாதியாகியிருந்தான். சத்தம் கேட்டால் தோள் குலுங்கியது. வழியிலே எத்தனையோ சாவடி. ஒவ்வொன்றிலும் சனம் இறங்கி நடந்தது. இவர்கள் இருவரையும் கண்டதும் கை காட்டிப் போகச் சொன்னார்கள்.

"மாமா, ஏன் அடையாள அட்டை கேக்கல்ல?" என்று பேரின்பம் மெதுவாகக் கேட்டான்.

"சட்டம் மருமகன், சட்டம்!"

"எல்லாரிட்டயும் கேக்கிறானுகள். எங்களிட்ட மட்டும் கேக்கல்ல."

வண்ணக்கர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.  ஏறாவூர் தாண்டும்போது, "நான் இறங்கித் திரும்பிப் போறன் மாமா," என்றான். அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பாசத்தோடுதான் பிடித்தார், ஊர் வரும் வரைக்கும் விடவில்லை.

கல்யாணக்கால் வெட்டுகிற காலை, பறை முழங்கியது. லவுட்ஸ்பீக்கர் கத்தியது. கோயில் பூசாரியான கட்டாடியார் மந்திரம் சொல்லி மரத்தடியில் மடைப் படையல் வைத்தார். பெண்கள் குரவையிட்டார்கள். பேரின்பம் சவரம் செய்து, வேட்டி கட்டி, கையில் கத்தியோடு சனத்துக்கு நடுவே வந்தபோது குரவை சட்டென்று நின்றது. மற்ற ஏழு தாய்மாரும் அவனைப் பார்த்தார்கள். இலட்சுமிப்பிள்ளை, அவளுடைய மகன் பேரின்பத்தின் கூட்டாளி, ஓடி வந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"நீ வந்திட்டாயா மனே? அப்ப என்ட பிள்ளை எங்க? உன்னோடதானே கொண்டு போனவங்க? எங்க வைச்சிரிக்காங்க, சொல்லு!"

பேரின்பம்  மாமனைத் திரும்பிப் பார்த்தான். இந்தக் கேள்வி வரும் என்று மாமன் யோசித்திருக்கவே இல்லை.

அப்போதுதான் வெள்ளை நிற வாகனங்கள் இரண்டு வெளி வீதியில் வந்து நின்றன. முதலில் இறங்கியவன் கப்டன். பிறகு கொழும்புப் பெரியவர் ஒருவர், கமராக்காரன் ஒருவன், அந்த நாட்டுத் தூதரகத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண். கடைசியாக, டவுனில் அவர்கள் மொழிபெயர்ப்புக்கு ஏற்றிக்கொண்டு வந்த ஏர்னஸ்ட் ஐயா. அவர் சனத்தைப் பார்த்தார், கத்தியோடு நின்ற பொடியனைப் பார்த்தார். அவன் யாரென்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு கணம் எடுத்தது. ஆச்சிப்பிள்ளை கொடுத்த படத்தை அவர்தானே உறையில் வைத்து ஒட்டி அனுப்பினார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

வெள்ளைக்காரப் பெண் நல்ல மாதிரி. கைகூப்பிக் கும்பிட்டு, அந்த இளைஞன் யாரென்று கேட்டாள். ஏர்னஸ்ட் ஐயா வண்ணக்கரின் கண்ணை நேரே பார்த்து, தமிழிலே மெதுவாக, "ஆர் எண்டு கேக்கிறா. வெளியூர்ப் பொடியன், சொந்தக்காரன் எண்டு மட்டும் சொல்லுங்க," என்றார்.

வண்ணக்கருக்கு அந்தக் கண் சொன்னது விளங்கவில்லை. கமரா விளங்கியது, சனம் விளங்கியது, பட்டுத்துண்டு தோளிலிருந்து நழுவியது விளங்கியது. வெள்ளைக்காரன்ட சபையிலிருந்தே ஆள் வந்திருக்கிறது, தன்ட குடியைப் பார்க்க! துண்டைச் சரிசெய்துகொண்டு உரக்கச் சொன்னார்: "என்ட மருமகன். நாகமுத்து மகன் பேரின்பம்!"

பெயருக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? அந்தப் பெண் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். ஏர்னஸ்ட் ஐயா ஆங்கிலத்தில் ஏதோ அவசரமாகச் சொல்லத் தொடங்கினார். கப்டன் அழகான ஆங்கிலத்தில் குறுக்கே பேசி, அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னான். கமராக்காரன் பேரின்பத்தைக் கத்தியை உயர்த்திப் பிடிக்கச் சொன்னான், படம் எடுத்தான். கொழும்புப் பெரியவர் அன்பாகப் பொடியனின் தோளைத் தட்டினார்.

போகும்போது ஏர்னஸ்ட் ஐயா வண்ணக்கரின் பக்கத்தில் வந்தார். "என்னிட்டயும் பொய் சொன்னீங்களா? ஏழு பேர்ட மெய்யோட ஒரு பொய்யச் சேத்தா அந்த எட்டுக்கும் என்ன பெறுமதி?" என்றார்.  வாகனத்தில் ஏறியவர் திரும்பிப் பார்க்கவில்லை.

குளிர்த்தி முடிந்து கோயில் கதவு பூட்டியாயிற்று. அடுத்த கிழமை பத்திரிகையில் படம் வந்தது: கத்தியும் பட்டுமாகப் பேரின்பம். காணாமற்போனவர் கோயில் விழாவில் என்று தலைப்பு. அதற்கடுத்த கிழமை வானொலி சொன்னது. அந்த வெள்ளைக்கார நாட்டில் மந்திரி எழும்பி, மாண்புமிகு அங்கத்தவர் வாசித்த பெயர்களில் ஒருவர் நலமாக விழாக் கொண்டாடுகிறார், மற்றவர்களும் எங்கேயாவது கொண்டாடிக்கொண்டிருக்கலாம் என்றாராம். சபை சிரித்ததாம். அந்த அம்மா சட்டமூலத்தை மீளப் பெற்றுக்கொண்டாவாம். வண்ணக்கர் வானொலியை நிறுத்திவிட்டு இருந்தார். விழப்போகிற காரியம் சபைக்கு வருமென்று அவருக்கு யாரும் சொல்லவில்லையா? சொன்னார்கள். இப்போதுதான் கேட்டது.

மறுநாளே மீன் கூடை பழையபடி வீதியில் கொட்டுப்பட்டது. சைக்கிளை விட்டிறங்கச் சொன்னார்கள். அன்று பின்னேரம் ஜீப் ஒன்று ஆச்சிப்பிள்ளையின் வேலியோரம் வந்து நின்றது. ஒரு சின்ன விசாரணை, அரை மணித்தியாலம், என்றார்கள். பேரின்பம் ஊறுகாயும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை கழுவவும் விட்டார்கள், அவ்வளவு மரியாதை.

அவன் வரவில்லை. வண்ணக்கர் முகாமுக்குப் போனார். கதிரை போடவில்லை. கப்டன் வாசலிலேயே நின்று, "பேரின்பமா? நாங்க ஏன் பிடிக்க? அவன் காணாமப் போகல்ல எண்டு உலகத்துக்கே தெரியும். பேப்பரில பாக்கல்லையா?" என்றான். அந்தப் பல்வரிசை அப்போதும் அழகாகத்தான் இருந்தது.

வண்ணக்கர் டவுனுக்கு ஓடினார். ஏர்னஸ்ட் ஐயா கதவைத் திறந்தார், உள்ளே கூப்பிட்டு இருக்க வைத்தார், எல்லாவற்றையும் கேட்டார். "இன்னொருக்கா அந்த அம்மாவுக்கு எழுதுங்க ஐயா," என்று வண்ணக்கர் கும்பிட்டார்.

"எழுதுறன். எழுதாம விட மாட்டன்." ஏர்னஸ்ட் ஐயா தலையைக் குனிந்துகொண்டார். "ஆனா அதே பேர, வண்ணக்கர், இனி ஆர் வாசிப்பா?"

அதன் பிறகு வண்ணக்கர் ஒரு காரியம் செய்தார். ஒரு வளவுக்கும் போகவில்லை, ஒருவரிடமும் பேசவில்லை. பறையறைந்து சபையைக் கூட்டி, பூட்டிய அம்மன் வாசலில் வெற்றிலைத் தட்டை வைத்தார். ஊர் முழுக்க முகாம் வாசலுக்குப் போய் இருக்க வேண்டும், பேரின்பத்தைக் காட்டும் வரைக்கும் எழும்பக் கூடாது என்றார். 

 பிறகு இலட்சுமிப்பிள்ளை எழும்பினாள். சத்தம் போடவில்லை, சாபமும் போடவில்லை.

"வண்ணக்கர், என்ட மகன்ட பேரும் அதிலதான் இருந்திச்சு. உங்கட பொடியன்ட பேரோட சேத்து அதையும் கிழிச்சுப் போட்டாங்க. உங்கட மருமகன் உசிரோட இரிக்கான் எண்டு பேப்பரில படம் போட்டிரிக்கு. என்ட பிள்ளைக்கு ஒரு படமும் இல்ல. இனி எதச் சொல்லிக்கொண்டு நான் அந்த வாசலுக்குப் போக?"

அவள் நடந்தாள். மற்றத் தாய்மாரும் நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் குடி குடியாகச் சனம் எழும்பிப் போனது. தட்டில் வெற்றிலை அடுக்கினது அடுக்கினபடியே இருந்தது.

கடைசியில் ஆச்சிப்பிள்ளை மட்டும் மிஞ்சினாள். அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் கிட்ட வந்து, குனிந்து ஒரு வெற்றிலை எடுத்தாள். "ஓம்," என்றாள். அதை மடியில் முடிந்துகொண்டு, தனியாக முகாம் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.